கைத்துப்பாக்கியை அளந்து பார்த்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையோரத் தோட்ட வீடுகளில் தனியாக இருக்கும் முதியோருக்குக் கைத்துப்பாக்கி உரிமத்தைத் தாராளமாக வழங்க வேண்டும் என்று சென்ற வாரம் உங்கள் நாளிதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். சட்டைப் பையில் அடங்குகிற சிறு துப்பாக்கி ஒன்று இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்பது அவருடைய கட்சி. அவர் இரக்கப்படுகிற முதியோரில் நானும் ஒருத்தி. வயது 64. திருவட்டாறு வட்டத்தில், மூன்று ஏக்கர் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் உள்ள வீட்டில் தனியாக இருக்கிறேன். அவர் சொல்கிற சிறு துப்பாக்கி, முறையான உரிமத்தோடு, என் பீரோவிலேயே இருக்கிறது. தூக்கம்தான் வரவில்லை.

துப்பாக்கி என் கணவருடையது. ரப்பர் ஷீட் வியாபாரம் செய்தவர்; குலசேகரத்துக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே பணப்பையோடு போய்வருகிறவர் என்பதால் உரிமம் வாங்கினார். இங்கிலாந்தில் செய்த .32 போர் (குழல் துளையின் அளவு, அங்குலத்தில்), உள்ளங்கையை விடச் சற்று நீளம், மேகசினில் எட்டுத் தோட்டா. (9 மி.மீ., .38 போன்றவை நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட போர் வகை. சாதாரணக் குடிமக்கள் கைத்துப்பாக்கி என்று வைத்திருப்பது பெரும்பாலும் .32தான்.) 2021இல் அவர் காலமானதும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். வாரிசு என்ற முறையில் விண்ணப்பித்து, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் வாங்கி, அலைந்து திரிந்து 2022இல் உரிமத்தை என் பெயருக்கு மாற்றினேன். ஏன் மாற்றினேன் என்று கேட்டால் நேர்மையான பதில் ஒன்றுதான்: அது அவர் கை பட்ட பொருள். விற்க மனம் வரவில்லை.

வாங்கிய நாளில் கடைக்காரர் முன்னிலையில் சுட்டதைத் தவிர அவர் அதைச் சுட்டதே இல்லை. பூசை அறைச் சங்கு போல, துடைத்து வைப்பதோடு சரி. நானும் அப்படியே வைத்திருந்தேன். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்காக மார்ச்சில் காவல் நிலையத்தில் ஒப்படைத்தது இடவப்பாதி மழைக்குள் (தென்மேற்குப் பருவமழை) ஜூனில் திரும்பி வந்தது. குழலின் மேல் குங்குமப் பொட்டு அளவில் இரண்டு துருப்புள்ளிகள். யாரையும் குறை சொல்லவில்லை. நம் மாவட்டத்து ஈரக்காற்றில் வீட்டு ஜன்னல் கம்பியே பிழைப்பதில்லை. எண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்துவிட்டேன்.

இனி அந்த இரவு. விடிவதற்கு வெகு நேரம் முன்பு, நான்கு மணி இருக்கும், தோட்டத்தில் சருகு மிதிபடும் சத்தம். ரப்பர் தோட்டக்காரர்களுக்கு அந்த நேரத்துச் சத்தம் புதிதில்லை, பால்வெட்டு தொடங்குகிற நேரம். ஆனால் எங்கள் வெட்டுக்காரர் வீட்டின் தென்புறத்திலிருந்துதான் தொடங்குவார். சத்தம் வடக்கிலிருந்து வந்தது. அவர் இருமுவார், இது இருமவில்லை. முந்தைய வாரம்தான் பக்கத்துத் தோட்டத்தில் ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்த ரப்பர் பால்) களவு போயிருந்தது. பீரோவைத் திறந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்தேன். தலைவிளக்கு கட்டிய ஓர் உருவம், கையில் கத்தி. "யாரது?" என்றேன். பதில் இல்லை. இரண்டாம் முறை கத்தினேன். உருவம் திரும்பியது, வெளிச்சம் நேராக என் கண்ணில் அடித்தது. கையை உயர்த்திவிட்டேன்.

"டீச்சர், நான்தான் டீச்சர். அப்பாவுக்குக் காய்ச்சல்."

வெட்டுக்காரரின் மகன். பன்னிரண்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவன். காதில் பாட்டு மாட்டியிருந்ததால் முதல் முறை கூப்பிட்டது கேட்கவில்லை. என் கையில் என்ன இருந்தது என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது. கட்டன் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவன் போனபிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான், நான் மூக்குக்கண்ணாடி போடாமலே வெளியே வந்திருந்தேன் என்பது உறைத்தது.

நான் 33 ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள். அளக்காமல் எதையும் நம்பாதே என்று ஆயிரம் பிள்ளைகளுக்காவது சொல்லியிருப்பேன். வீட்டுக்குள் இருக்கிற ஒரு கருவியை மட்டும் அளக்காமலே நம்பியிருக்கிறேன்.

வெளி மாவட்டம் ஒன்றில் உள்ள துப்பாக்கிக் கழகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கினேன். தோட்டாக்களைத் தனியாகவும் துப்பாக்கியைத் தனியாகவும் பூட்டி, வாடகைக் காரில் புறப்பட்டேன். "மைனி, இந்த வயதில் உங்களுக்கு எதற்கு இந்த வேலை?" என்றார் கொழுந்தன். ஆனாலும் துணைக்கு வந்தார். சுடுதளத்துப் பயிற்றுநர் மதராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து ஓய்வுபெற்றவர், குளச்சல் பக்கத்துக்காரர். நான் கொண்டுபோன சாமான்களைப் பார்த்துச் சிரித்தார்: அளவுநாடா, சமையலறைத் தராசு, பள்ளியிலிருந்து ஓய்வுபெறும்போது காசு கொடுத்து வாங்கி வந்த சுருள்வில் தராசு, கோடு போட்ட நோட்டு, பழைய நாள்காட்டி அட்டைகள். ஒவ்வோர் அட்டையின் பின்பக்கத்திலும் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து 20 செ.மீ. வட்டம் வரைந்திருந்தேன். மனித மார்பில் உயிர்நிலை உறுப்புகள் இருக்கும் இடம் ஏறத்தாழ அந்த அளவுதான் என்றார் பயிற்றுநர். அதற்குப் பிறகு அந்த வட்டத்தை வெறும் தட்டாக என்னால் பார்க்க முடியவில்லை.

முதலில் சுடாமலே செய்த அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். தோட்டா இல்லாத துப்பாக்கியின் எடை 570 கிராம். காலி என்று பயிற்றுநர் இரண்டு முறை சரிபார்த்துக் கொடுத்த பிறகு விசையை (விரலால் இழுக்கும் டிரிகரை) சுருள்வில் தராசால் இழுத்தேன்: 2.8 கிலோ. தன் எடையைப் போல ஐந்து மடங்கு பலத்தோடு இழுத்தால்தான் அது சுடும். தராசுத் தட்டில் ஐந்து மடங்கு பாரம் ஒரு பக்கம் விழுந்தால் முள் எப்படி ஆடும்? கையும் அப்படித்தான் ஆடுகிறது. கனமான துப்பாக்கி அந்த ஆட்டத்தைத் தன் எடையால் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். சட்டைப் பைக்காகச் செய்த துப்பாக்கியால் முடியாது.

அடுத்தது குறி. குழல் நுனியில் நிற்கும் சிறு மேடான முன்குறியும் பின்னால் உள்ள பள்ளமும் ஒரே கோட்டில் வந்தால் குறி சரி. என் துப்பாக்கியில் இரண்டுக்கும் இடையே 11 செ.மீ. மட்டுமே. அதனால் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும், வடிவொத்த முக்கோணக் கணக்கின்படி, 7 மீட்டர் தொலைவில் குண்டு 6.4 செ.மீ. விலகும், 15 மீட்டரில் 13.6 செ.மீ. இந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். நீண்ட குழல் உள்ள துப்பாக்கியில் இதே பிழை பல மடங்கு சுருங்கும். ஆகவே, சிறியது என்பதால் கையாள எளிது என்று அந்த வாசகர் எழுதியது தலைகீழ். சிறியது ஒளித்து வைக்கத்தான் எளிது.

புவியீர்ப்பின் மேல் பழிபோட முடியுமா என்றும் பார்த்தேன். இந்தத் தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 4.6 கிராம், நொடிக்கு ஏறத்தாழ 280 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. 7 மீட்டரைக் கடக்க ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் அது கீழே விழும் தூரம் 3 மில்லிமீட்டர். புவியீர்ப்புக்கு இதில் பங்கில்லை. மிச்சமிருப்பது கருவியும் நானும்.

இந்த இரண்டையும் பிரிப்பதுதான் சோதனையின் பாதி வேலை. உரிமத்தில் அனுமதித்த 25 தோட்டாக்கள் இருந்தன, ஐந்தைந்தாகப் பிரித்தேன். முதல் ஐந்தை, மணல் மூட்டை மேல் கையைத் தாங்கி, 7 மீட்டரிலிருந்து பயிற்றுநரையே சுடச் சொன்னேன். ஐந்தும் 5 செ.மீ. இடைவெளிக்குள் விழுந்தன. பழைய சாமான் என்று ஏளனம் செய்த கொழுந்தன் வாயை மூடிக்கொண்டார். ஆனால் அந்தக் கூட்டம் முழுவதும் வட்டத்தின் மையத்திலிருந்து 4 செ.மீ. இடப்புறம் இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் நான் ஆண்டுதோறும் தொண்டை வற்றச் சொன்னது இதைத்தான்: துல்லியம் வேறு, நுட்பம் வேறு. ஐந்து குண்டும் ஒரே இடத்தில் விழுவது நுட்பம். அந்த இடம் குறிவைத்த இடமாகவும் இருப்பது துல்லியம். இது நுட்பமுள்ள, துல்லியமில்லாத கருவி. கணக்குப் போட்டால் முன்குறி 0.6 மி.மீ. வலப்புறம் சாய்ந்திருக்க வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது சாய்ந்துதான் இருந்தது. என் கணவர் அதை ஒருமுறை திண்ணைப் படியில் தவறவிட்டது நினைவுக்கு வந்தது. அது நடந்து பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். அத்தனை வருடமும் அந்த மனிதர் இடப்புறம் சுடுகிற துப்பாக்கியை மடியில் கட்டிக்கொண்டு தைரியமாக மார்த்தாண்டம் போய்வந்திருக்கிறார்.

இரண்டாவது ஐந்தை, அதே மணல் மூட்டையில் கை தாங்கி நான் சுட்டேன்: பரவல் 8 செ.மீ. மூன்றாவது ஐந்து, நின்றபடி, இரு கையாலும் பிடித்து, 3 மீட்டரில்: 9 செ.மீ. எல்லாம் வட்டத்துக்குள். "டீச்சர் பாஸ்" என்றார் பயிற்றுநர். எனக்கும் கொஞ்சம் கர்வம் வந்தது, மறைக்க மாட்டேன்.

நான்காவது ஐந்து, நின்றபடி, 7 மீட்டரில்: 26 செ.மீ. இரண்டு குண்டுகள் தட்டுக்கு வெளியே. இதில் கண்ணுக்கும் பங்குண்டு. முன்குறி கை நீளத்தில் இருக்கிறது, இலக்கு தூரத்தில் இருக்கிறது. இரட்டைக் குவியக் கண்ணாடியின் மேல்பாதியில் பார்த்தால் முன்குறி பஞ்சுபோல் தெரிகிறது; கீழ்ப்பாதியில் பார்க்க மோவாயைத் தூக்கினால் இலக்கு கலைகிறது. அறுபது கடந்த எந்தக் கண்ணுக்கும் இந்தத் தொல்லை உண்டு.

ஐந்தாவது ஐந்துதான் எனக்கு வேண்டிய சோதனை. கைப்பையிலிருந்து எடுத்துச் சுட வேண்டும் என்றேன். அது என் தளத்தில் நடக்காது என்று பயிற்றுநர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். சரியான மறுப்பு. வேறொரு வழி சொன்னார். துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்து நிற்க வேண்டும். அவர் எப்போது விசிலடிப்பார் என்று தெரியாது. விசில் கேட்ட மூன்று நொடிக்குள் ஒரு முறை சுட வேண்டும். தொலைவு 5 மீட்டர். ஐந்து விசில்.

முதல் விசிலுக்கு நான் சுடவே இல்லை. விசையை இழுக்கிறேன், இழுக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. பாதுகாப்புப் பூட்டைத் திறக்க மறந்திருக்கிறேன். இரண்டாவது விசிலுக்குச் சுட்ட குண்டு வட்டத்துக்குக் கீழே, அட்டையின் ஓரத்தில் பட்டது; விசையை வெடுக்கென்று இழுத்தால் குழல் தலைகுனியும். மூன்றாவது விசிலுக்கு 'டிக்' என்ற சத்தம் மட்டும். தோட்டா வெடிக்கவில்லை. கணவர் காலத்தில் வாங்கிய பெட்டியில் இருந்த தோட்டா அது. "அசையாதீர்கள், குழல் இலக்கையே பார்த்திருக்கட்டும்" என்று சொல்லிப் பயிற்றுநர் அரை நிமிடம் காக்க வைத்தார். தாமதமாக வெடிக்கிற தோட்டாவும் உண்டாம். அந்த அரை நிமிடம் என் வாழ்நாளில் மிக நீண்ட அரை நிமிடங்களில் ஒன்று. நான்காவது விசிலுக்குச் சுட்டது வட்டத்துக்குள் விழுந்தது. ஐந்தாவது வெளியே. ஆக, விடிந்து வெயில் அடிக்கும்போது, கண்ணாடி மாட்டிக்கொண்டு, இரவு நன்றாகத் தூங்கி எழுந்து, எதிரில் இருப்பது காகிதம் என்று தெரிந்தே செய்த சோதனையில் ஐந்துக்கு ஒன்று. பள்ளியில் இந்த மதிப்பெண்ணை நான் யாருக்கும் தேர்ச்சியாகப் போட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அளவுநாடாவைத் திண்ணையில் வைத்து, அந்தப் பையன் நின்ற மரம் வரை இழுத்தேன். 12 மீட்டர். 7 மீட்டரில் 26 என்றால் 12 மீட்டரில் ஏறத்தாழ 45 செ.மீ. அவனுக்குப் பின்னால் நேர்கோட்டில் இருப்பது பக்கத்து வீட்டின் ஓட்டுச்சாய்ப்பு. அங்கே கோடைக்காலத்தில் இரண்டு குழந்தைகள் கட்டில் போட்டுப் படுக்கிறார்கள். அவனைத் தவறவிட்ட குண்டு மரத்தில் பட்டால் உண்டு. படாவிட்டால் அது நிற்கிற இடத்தை நான் தீர்மானிக்க முடியாது.

அந்த வாசகர் தம் வாதத்துக்கு 2020 ஜனவரி 8 அன்று களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் சுட்டுக் கொல்லப்பட்டதை எடுத்துக்காட்டியிருந்தார். அந்தத் துயரத்தை நம் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. ஆனால் அவர் எடுக்கும் முடிவு எனக்குப் பிடிபடவில்லை. நெருங்கி வந்து சுட நினைக்கிறவனுக்குச் சிறு துப்பாக்கி போதும். அவனுக்குத் துல்லியமே தேவையில்லை, நேரத்தையும் தூரத்தையும் அவன்தான் தேர்ந்தெடுக்கிறான். 1911இல் மணியாச்சியில் ரயில் பெட்டிக்குள் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டதும் கை எட்டும் தூரத்தில்தான். தற்காத்துக்கொள்கிறவருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. தூக்கத்திலிருந்து எழுந்து, இருட்டில், அவன் தேர்ந்தெடுத்த தூரத்தில் அவர் சுட வேண்டும். தற்காப்பு உரிமை, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்ற வரம்போடு சேர்ந்தே இருக்கிறது. களவு போகிற ஒட்டுப்பாலுக்கு அந்த வரம்பு எவ்வளவு நீளும் என்பதை அவர் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

உரிமமே யாருக்கும் தரக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. என் துப்பாக்கியை இன்னும் நானே ஒப்படைக்கவில்லை. முன்குறியை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து நிமிர்த்தப் போகிறேன். பழைய தோட்டாக்களைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். அதன் பிறகு இன்னொரு முறை சுட்டுப் பார்த்து, மதிப்பெண் அப்போதும் இதுதான் என்றால் விற்றுவிடுவேன். என் கேள்வி மாவட்ட நிர்வாகத்திடம். உரிமத்தை என் பெயருக்கு மாற்றியபோது என் முகவரியைச் சரிபார்த்தார்கள், துப்பாக்கியின் எண்ணைச் சரிபார்த்தார்கள், என்மேல் வழக்கு உண்டா என்று சரிபார்த்தார்கள். துப்பாக்கி நேராகச் சுடுகிறதா, இந்த அம்மாளால் அதைச் சுட முடிகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமத்தின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாகிவிட்டது. ஐந்து ஆண்டில் கண் மாறுகிறது, கை மாறுகிறது, தோட்டா நமுத்துப்போகிறது. ஸ்கூட்டருக்குப் புகைச் சான்றிதழ் கேட்கிற நாட்டில் இதற்கும் ஒரு முற்பகல் ஒதுக்கலாம். மாவட்ட ஆயுதப்படைக் காவலர்கள் பயிற்சி செய்யும் நாட்களில் ஒன்றில், கட்டணம் வாங்கிக்கொண்டு, புதுப்பிக்க வருகிறவர்களை 5 மீட்டரிலும் 7 மீட்டரிலும் பத்துத் தோட்டா சுடச் சொல்லுங்கள். தேறாவிட்டால் உரிமத்தை உடனே பறிக்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. அட்டையை அவர் கையிலேயே கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். வீட்டில் மாட்டிவைத்துப் பார்க்கட்டும். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

தேர்தல் முடிந்து திருப்பித் தரும்போதும், துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய்த் துணியில் சுற்றித் தரச் சொல்லலாம். இது சின்ன விஷயம், சொல்லிவைக்கிறேன்.

இப்போதைக்கு நானும் வெட்டுக்காரரும் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். அவரோ மகனோ, யார் வந்தாலும் படலைத் தாண்டும்போது சைக்கிள் மணியை இரண்டு முறை அடிக்க வேண்டும். வடபுறத்தில் ஆள் நடந்தால் தானாக எரிகிற விளக்கு ஒன்றும் போட்டிருக்கிறேன். முதல் இரண்டு நாள் அது மரநாய்க்கெல்லாம் எரிந்து என் தூக்கத்தைக் கெடுத்தது. பிறகு திசையைத் திருப்பி வைத்தேன்.

தனி வீட்டில் துப்பாக்கி இருப்பதாக எழுதியிருப்பதால் என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உரிமம் கேட்டு எழுதிய அந்த வாசகருக்கு மட்டும் முகவரியைக் கொடுங்கள். ஐந்து அட்டைகளும் ஓட்டையோடு அப்படியே இருக்கின்றன. நான் சொன்ன எண்களில் சந்தேகம் இருந்தால் வந்து அளந்து பார்க்கட்டும், அளவுகோலை அவரே கொண்டுவரட்டும். பகலில் வரச் சொல்லுங்கள். படலுக்கு வந்ததும் குரல் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை ஒருவர்,
திருவட்டாறு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.